சமரச மையத்தில் ஐந்து அமர்வுகள்: எதிர்த்தரப்பின் உறுப்பினரே நம் தரப்பில் இருந்தால்

உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு சமரச மையத்தின் சேவையைப் பற்றிப் பலரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: எவ்வளவு செலவாகும், எத்தனை முறை அலைய வேண்டும். எங்கள் வழக்கில் சமரசருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை. ஐந்து அமர்வுகளில் வேலை முடிந்தது. இத்துடன் நிறுத்திக்கொண்டாலே ஒரு மதிப்புரைக்குப் போதும். ஆனால் எங்கள் வழக்கில் ஒரு சிக்கல் இருந்தது. எதிர்த்தரப்பு ஒரு நகராட்சி. வழக்குப் போட்ட எங்கள் மூவரில் ஒருவர், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அந்த நகராட்சியின் மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதாவது, எங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டிய மன்றத்தில், அந்தப் பணத்தை வாங்க வேண்டிய ஒருவரும் அமர்ந்திருந்தார். இப்படிப்பட்ட நிலையில் இந்த மையம் எப்படிச் செயல்பட்டது என்பதைச் சொல்வதே இதன் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். சமரசப் பேச்சில் சொல்லப்படுபவை ரகசியமானவை. எனவே நகராட்சித் தரப்பினர் அந்த அறைக்குள் சொன்ன எதையும் இங்கே எழுதவில்லை. எங்கள் தரப்பில் நடந்தவற்றை மற்ற இருவரின் சம்மதத்துடனும், மன்றத்தில் நடந்தவற்றைப் பொதுப் பதிவில் உள்ள அளவிலும் மட்டுமே எழுதுகிறேன். நகராட்சியின் பெயரும் வேண்டாம். சென்னையின் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ள ஊர் என்பதே போதும்.

நான் குடியிருப்பது காலடிப்பேட்டை. என் தந்தை அந்த நகராட்சி எல்லைக்குள் சிறிய மனை ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். பக்கத்து மனை, ராயபுரத்தில் வசிக்கும், துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடையது. மூன்றாவது மனையில், முன்பக்கம் ஒரு சிறிய மளிகைக் கடையுடன், அந்த ஊரிலேயே குடியிருக்கும் அம்மையார் ஒருவர். மழைநீர்க் கால்வாய் கட்டுவதற்காக ஒருநாள் காலையில் பொக்லைன் வந்து எங்கள் மூவருடைய சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டுப் போனது. புறம்போக்கு நிலம் என்றார்கள். பட்டாவும் புலப்பட வரைபடமும் வேறு கதை சொன்னதால், 2014இல் மூவரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தோம். என் பங்குக்குப் போனது நான்கு அடி அகலமும் ஐம்பத்தெட்டு அடி நீளமும் கொண்ட ஒரு துண்டு, 232 சதுர அடி. 2018இல் கீழமை நீதிமன்றத்தில் வென்றோம். 2020இல் முதல் மேல்முறையீட்டில் தோற்றோம். 2021இல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்தோம். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கடைக்கார அம்மையார் தம் வார்டில் நின்று வென்றார். 2023இல் எங்கள் வழக்கு சமரசத்துக்கு அனுப்பப்பட்டது.

இந்த மையம் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கப்பட்டது. நீதிமன்றத்துடன் இணைந்து இயங்கும் சமரச மையம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, நிலுவையில் உள்ள வழக்கை இப்படி அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மக்கள் நீதிமன்றத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே விபத்து இழப்பீடு, காசோலை வழக்கு போன்றவை ஒரே நாளில் வரிசையாக முடித்துவைக்கப்படுகின்றன. இங்கே ஒரு வழக்குக்கு ஒரு சமரசர் நேரம் ஒதுக்கி அமர்கிறார். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. உடன்பாடு ஏற்பட்டால் அது எழுதப்பட்டுக் கையெழுத்தாகி நீதிமன்றத்துக்குப் போகும். ஏற்படாவிட்டால், ஏன் ஏற்படவில்லை என்ற விவரம் இல்லாமல், உடன்பாடு இல்லை என்ற செய்தி மட்டும் போகும்.

போய் வருவது எளிது. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். 2021இல் இந்த வழித்தடம் நீட்டிக்கப்படுவதற்கு முன், முதல் மேல்முறையீட்டுக் காலம் முழுவதும் பாரிமுனைக்குப் பேருந்தில் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து வந்த எனக்கு, இது மட்டுமே பாதி வழக்கு வென்ற மாதிரி இருந்தது. அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். வளாகத்தின் நுழைவாயில்களில் கேட்பார்கள்.

முதல் அமர்வில் எங்கள் சமரசர், ஒரு மூத்த பெண் வழக்கறிஞர், நடைமுறையை விளக்கியபின் மனைகளின் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொருவரையும் தம் சுவர் எங்கே இருந்தது என்று விரலால் காட்டச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் எங்களிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் மனையின் தென்கிழக்கு மூலையில் இருந்த அளவுக்கல்லின் இடத்தைக் காட்டியபோது அவருடைய விரல் நடுங்கியது. வழக்கறிஞர்கள் இருபுறமும் இருந்தார்கள், ஆனால் பேசச் சொன்னது எங்களைத்தான். சேவை என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

அதே அமர்வின் இறுதியில் சமரசர் எங்கள் தரப்பைத் தனியே அழைத்துப் பேசினார். இங்கே தனி அமர்வு என்பது வழக்கமான நடைமுறை. அதில் சொல்வதை, நாம் அனுமதித்தால் ஒழிய, மறுதரப்புக்குச் சொல்ல மாட்டார்கள். அம்மையார் நகர்மன்ற உறுப்பினர் என்பதைச் சொன்னோம். சமரசரின் முகம் மாறவில்லை. நகராட்சி சமரசம் செய்துகொள்ள மன்றத்தின் தீர்மானம் தேவைப்படும் என்றால், அந்தத் தீர்மானம் வரும் நாளில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் அம்மையாரிடம் கேட்டார். "கூட்டத்துலதாம்மா இருப்பேன், வேற எங்க இருப்பேன்?" என்றார் இவர். சமரசர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எங்களுக்கு அப்போது அதன் கனம் புரியவில்லை.

இரண்டாம் அமர்வுக்கும் மூன்றாம் அமர்வுக்கும் இடையில் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. சமரசம் பேசலாமா என்ற பொருள் மன்றக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. கூட்டத்துக்கு முன் எல்லா உறுப்பினர்களுக்கும் பொருள் நிரல் அனுப்பப்படும். அதனுடன், இந்த வழக்கைப் பற்றி நகராட்சியின் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருந்த சட்டக் கருத்துரையும் இணைக்கப்பட்டிருந்தது. அலுவலகத்தில் யாரும் யோசிக்கவில்லை. உறுப்பினர் பட்டியல்படி கட்டுகளைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆக, நகராட்சி தன் வழக்கின் பலவீனத்தைத் தன் எதிரியின் வீட்டுக்கே தபால்காரர் போலக் கொண்டுபோய்க் கொடுத்தது. முதல் மேல்முறையீட்டில், இடத்தைப் பார்வையிட்ட வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கை கருத்தில் கொள்ளப்படவில்லை என்றும், இரண்டாம் மேல்முறையீட்டில் அது நகராட்சிக்குப் பாதகமாகலாம் என்றும் அதில் இருந்ததாக அம்மையார் அன்று இரவே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

உண்மையைச் சொல்வதென்றால், முதலில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எதிரியின் சீட்டுகள் தெரிந்துவிட்ட சீட்டாட்டக்காரனின் மகிழ்ச்சி. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வாய் வரை வந்தது. எது தடுத்தது என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை, ஒன்பது ஆண்டுகளாக நகராட்சி முறைப்படி நடக்கவில்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மனுக்களின் சொற்கள்தான் காதில் கேட்டிருக்கும். அனுப்ப வேண்டாம் என்றேன். ஆனால் கேட்டதைக் கேட்காததாக ஆக்கிக்கொள்ள முடியாதே. இனி அந்த மேசையில் நான் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் காகிதத்தைத் தெரிந்துகொண்டு கேட்கும் ரூபாய்தான்.

மூன்றாம் அமர்வில், தனியே பேசும்போது, இதைச் சமரசரிடம் சொல்லிவிட்டோம். அவர் கண்டிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இதை மறுதரப்புக்கு நானாகச் சொல்ல முடியாது, நீங்கள் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டு, எங்களை விட்டு எழுந்து போய்விட்டார். மூவரும் எங்கள் வழக்கறிஞரும் அரைமணி நேரம் அந்த அறையில் இருந்தோம். எங்கள் வழக்கறிஞருக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவர் பேனாவை மூடித் திறந்த விதத்திலேயே தெரிந்துகொண்டோம். கடைசியில் அம்மையாரே முடிவெடுத்தார். பொது அமர்வில், கருத்துரை தமக்கு வந்து சேர்ந்தது என்றும், தாம் அதைப் படித்ததாகவும், மற்ற இருவருக்கும் அதன் சாரத்தைச் சொன்னதாகவும் அவர் வாயாலேயே கூறினார். அதன்பின் மறுதரப்பு என்ன சொன்னது என்பது அந்த அறையின் ரகசியம். எங்கள் தரப்பில் நாங்கள் செய்தது இதுதான்: இத்தனை ஆண்டுகளுக்கான வட்டி என்று கேட்டிருந்த தொகையைக் கைவிட்டோம். அது பெருந்தன்மையா, கூச்சமா என்று கேட்டால் பெரியவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன்.

தொகையைக் கணக்கிடும் முறையில் பெரிய சண்டை இல்லை. அம்மையாருடைய துண்டுக்குக் கடை முகப்பு என்பதால் கூடுதல் மதிப்புக் கேட்கலாம் என்ற பேச்சு எங்களுக்குள்ளேயே எழுந்தது. சமரசர் தனி அமர்வில், மூவருக்கும் ஒரே சதுர அடி விலை என்றால் மன்றத்தில் அதை விளக்க ஒரு வரி போதும், உறுப்பினருக்கு மட்டும் ஒரு விலை என்றால் எத்தனை வரி வேண்டும் என்று கேட்டார். அந்த வாதம் அத்துடன் அடங்கியது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக வைத்து ஒரே விலை முடிவானது.

நான்காம் அமர்வில் ஒப்பந்த வரைவு தயாரானது. நகராட்சி அதை மன்றத்தில் வைத்தது. நகர்மன்றக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அங்கே அடிக்கடி ஒலிக்கும் ஒரு சொல் தெரிந்திருக்கும்: ஆல் பாஸ். பொருள் நிரலில் நாற்பது ஐம்பது பொருள்கள் இருக்கும். தெருவிளக்குப் பராமரிப்பும் குடிநீர்க் குழாய் உடைப்பும் பழைய இரும்பு ஏலமும் வரிசையாக வரும். பத்துப் பதினைந்து பொருள்கள் வாசிக்கப்பட்டபின் ஒருவர் குரல் கொடுப்பார், மேசைகள் தட்டப்படும், எல்லாம் ஏகமனதாக நிறைவேறிவிடும். எங்கள் வழக்கும் அப்படித்தான், குப்பை வண்டி டயர் வாங்கும் பொருளுக்கும் ஒரு பூங்கா வேலிக்கும் இடையில், ஏகமனதாக நிறைவேறியது. வருகைப் பதிவேட்டில் அம்மையாரின் கையெழுத்து இருந்தது. அவரும் மேசையைத் தட்டினாரா என்று கேட்டேன். பழக்கத்தில் தட்டியிருப்பேன் என்றார்.

தீர்மானத்தின் நகல் வந்ததும் முடிந்தது என்று நினைத்தோம். சமரசர் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தீர்மானத்தை வைத்து எழுதும் ஒப்பந்தத்தை நாளை அந்த ஊர்க்காரர் யாராவது ரிட் மனுவில் எதிர்த்தால் நிற்குமா என்று எங்களிடம் கேட்டார். அம்மையாரின் ஒரு வாக்கைக் கழித்தாலும் பெரும்பான்மை இருக்கிறதே என்றேன். கேள்வி எண்ணிக்கை பற்றியதல்ல என்று சொல்லி, 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரைபக் வழக்கை நினைவூட்டினார். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்க அமைத்த தேர்வுக் குழுவில், தாமே ஒரு போட்டியாளராக இருந்த அதிகாரி ஒருவர் உறுப்பினராகவும் இருந்தார். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் அமரவில்லை. ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் பேசப்பட்டபோது உடன் இருந்தார். ஒருதலைச் சார்பு இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை, இருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பதே அளவுகோல் என்று சொல்லி நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. விலகியிருந்தவருக்கே அந்தக் கதி என்றால், மேசையைத் தட்டியவருக்கு என்ன கதி?

எனவே பொருளைத் தனியாக, கணக்கு விளக்கத்துடன், மறுபடியும் மன்றத்தில் வைக்க வேண்டும் என்ற யோசனை வந்தது. அம்மையார் அந்த நேரத்தில் அரங்கில் இருக்கக்கூடாது, இருக்கவில்லை என்பது பதிவாகவும் வேண்டும். இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. எனக்கு எரிச்சல், பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னா சார், ஆல் பாஸ் ஆனதுக்கு அப்பறமும் மறுபடி பரிச்ச எழுதச் சொல்றாங்க" என்று மெட்ரோ நிலையப் படிக்கட்டில் நின்று புலம்பினார். பர்மா பஜார் பக்கம் போய் ஒரு தட்டு அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டபின்தான் ஆறினார். மறுதரப்பின் வீட்டு வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்ற அவருடைய கேள்வி அன்று எனக்கும் நியாயமாகவே பட்டது. இன்று யோசித்தால், இந்தச் சேவையில் நான் மதிக்கும் பகுதி அதுதான். அவசரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முடிந்த வழக்குகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3, ஒப்பந்தம் சட்டப்படியானது என்று நீதிமன்றம் நிறைவடைய வேண்டும் என்கிறது. அந்த நிறைவைச் சமரசர் முன்கூட்டியே தேடினார்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் போனேன். அரங்கின் பின்பக்கம் பொதுமக்களுக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் பொருள் தனியாக அழைக்கப்பட்டபோது அம்மையார் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தே இருந்ததால், தாழ்வாரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவருடைய சேலைத் தலைப்பு தெரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஓர் உறுப்பினர் இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டார். இங்கேதான் சமரச முறைக்கும் உள்ளாட்சி முறைக்கும் உள்ள இழுபறி கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சு ரகசியம், ஆனால் போவது வரிப்பணம். எந்தத் தரப்பு எங்கே இறங்கி வந்தது என்பதை நகராட்சி ஆணையர் சொல்ல முடியாது. எதையும் சொல்லாமலும் இருக்க முடியாது. நல்லவேளையாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு பக்கக் குறிப்பு பொருளுடன் இணைந்திருந்தது: பரப்பளவு, சதுர அடி விலை, அது எந்த ஆண்டின் வழிகாட்டி மதிப்பு, மூவரில் ஒருவர் மன்ற உறுப்பினர் என்ற வெளிப்படையான வரி. அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டது. அதன்பின் இன்னொருவர், உறுப்பினராக இல்லாத மற்றவர்களுடைய சுவர்களும் இதே தெருவில் இடிந்திருக்கின்றனவே, அவர்கள் வழக்குப் போட்டிருந்தால் நாம் சமரசத்துக்கு வந்திருப்போமா என்று கேட்டார். பதில் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது, இருவர் எதிர்ப்பு.

அந்த இரண்டாவது கேள்வி என்னுடையதும்தான். 2014 முதல் 2021 வரை எங்கள் கடிதங்களுக்கு ஒப்புகைச் சீட்டுகூட வராத அலுவலகம், 2022க்குப் பிறகு எங்களைப் பெயர் சொல்லி அழைத்தது. சமரச மையம் இதற்குப் பொறுப்பல்ல. அது தன்னிடம் வந்தவர்களைச் சமமாக நடத்தும். ஆனால் மேசைக்கு யார் வருகிறார்கள் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

ஐந்தாம் அமர்வு கால்மணி நேரம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குப் போய் அதன்படி தீர்ப்பாணை ஆயிற்று. போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல்: சமரசத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69அ பிரிவு அதற்கு வழி செய்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாமாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றப் பதிவுத்துறை தாக்கல் செய்த மேல்முறையீட்டிலேயே, சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டு வாங்குங்கள். அசல் பட்டா, வரைபடம், கட்டண ரசீதுகள் ஆகியவற்றை முதல் அமர்வுக்கே கொண்டு செல்லுங்கள். நாங்கள் வரைபடத்தின் மங்கலான நகலைக் கொண்டுபோய் ஒரு அமர்வில் பாதியை இழந்தோம்.

பணம் வந்துவிட்டது. பெரியவர் சுவரைக் கட்டிவிட்டார். நான் இன்னும் கட்டவில்லை. அவர் அதோடு நிற்காமல், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி, இரண்டாவது தீர்மானத்தின் நகலையும் கேட்டு வாங்கினார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், மொத்தம் மூன்று பக்கங்கள். எதற்கு என்று கேட்டதற்கு இரண்டாம் பக்கத்தின் அடியில் உள்ள வரியைக் காட்டினார். மேற்படி உறுப்பினர் 11.40க்கு அரங்கை விட்டு வெளியேறினார், 12.05க்குத் திரும்பினார் என்று எழுதியிருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பச்சை மையால் அடிக்கோடிட்டு, பட்டாவும் பத்திரமும் வைத்திருக்கும் உறையிலேயே அதையும் வைத்திருக்கிறார்.